ஐந்தாவது ஷீட் மட்டும் ஏன் துருப்பிடிக்கவில்லை?

வீட்டுக்குப் பின்னால் துணி துவைக்கும் இடத்துக்கு மேலே ஒரு சின்ன ஷெட் போட்டு இரண்டு மழைக்காலம் முடிந்திருக்கிறது. நீலக் கலர் ஷீட், மொத்தம் ஆறு. போன மாதம் மேலே அடைந்து கிடந்த வேப்பிலையைத் தள்ளிவிடலாம் என்று ஏணி வைத்து ஏறினேன். தண்ணீர் சொட்டும் கீழ் ஓரம் முழுக்கப் பழுப்புக் கோடு. பெயின்ட் அப்பளம் மாதிரி உப்பியிருந்தது, விரல் பட்டதும் உதிர்ந்தது. ஓரத்திலிருந்து ஒரு முழம் மேலே வரைக்கும் மிளகாய்த்தூள் தூவினது போலப் புள்ளிப்புள்ளியாகத் துரு.

மட்டமான ஷீட்டைத் தலையில கட்டிட்டாங்க என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் இடமிருந்து ஐந்தாவது ஷீட்டின் ஓரம் சுத்தமாக இருந்தது. நான்காவது ஷீட்டை ஒட்டிய பக்கத்தில் மட்டும் சில துருப்புள்ளிகள், மற்றபடி புதுசு மாதிரி. ஒரே கடை, ஒரே லாட், ஒரே மழை, ஒரே வேப்பமரம். அப்புறம் எப்படி?

ஏணியிலேயே நின்று யோசித்ததில் ஞாபகம் வந்தது. வேலை நடந்த அன்று ஆறு ஷீட்டையும் மேலே போட்டு ஸ்க்ரூ அடித்து முடித்த பிறகு, கீழ் ஓரம் ஏறுக்குமாறாக இருக்கிறது என்று வெல்டர் நூல் பிடித்துக் கோடு போட்டார். ஏஜி-4 கிரைண்டரை எடுத்து ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒரே இழுப்பு. ஐந்தாவது ஷீட் எப்படியோ ஒரு விரல்கடை குட்டையாக வந்திருந்தது. கோட்டை எட்டாததால் கிரைண்டர் அதைத் தொடாமலேயே தாண்டிப் போய்விட்டது. அன்றைக்கு அது எனக்குக் குறையாகத் தெரிந்தது. வரிசை தப்பி உள்ளே நிற்கிறதே என்று அவரிடம் குறைப்பட்டுக்கொண்டது கூட நினைவிருக்கிறது.

ஆக, வித்தியாசம் ஷீட்டில் இல்லை, வெட்டியதில் இருக்கிறது. இதைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் படித்தேன். பிறகு குளியலறைப் பக்கம் இன்னும் இரண்டு ஷீட் போட வேண்டியிருந்ததால் நானே வெட்டியும் பார்த்தேன். அந்தக் குறிப்புகள்தான் இது.

முதலில் ஒரு எச்சரிக்கை. இங்கே சொல்வதெல்லாம் இரும்புத் தகட்டுக்கு மட்டும். நம்ம ஊரில் ஆஸ்பெஸ்டாஸ் கூரையையும் ஷீட் என்றுதான் சொல்கிறோம். சாம்பல் நிறத்தில், சிமென்ட் மாதிரி இருந்தால் அதை வீட்டில் வெட்டவே வெட்டாதீர்கள், ரம்பத்தாலும் கூடாது, கிரைண்டராலும் கூடாது. அந்தத் தூசியில் இருக்கும் இழை நுரையீரலில் தங்கிப் பல வருடம் கழித்துப் புற்றுநோயாக வரக்கூடியது.

இரும்புத் தகட்டை நெளித்தால் மெல்லிய தகடே பாரம் தாங்கும் என்பதற்கு லண்டனில் ஹென்றி ராபின்சன் பால்மர் 1829-ல் காப்புரிமை வாங்கினார். ஆனால் அந்தத் தகடு துருப்பிடித்துக்கொண்டே இருந்தது. 1837-ல் பிரான்சில் ஸ்தனிஸ்லாஸ் சோரெல், இரும்பை உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இன்றைக்கு நாம் ஜி.ஐ. என்று சொல்வதன் ஆரம்பம் அதுதான். கலர் ஷீட்களில் பலவற்றின் உள்ளே இருப்பது 1972-ல் அமெரிக்காவின் பெத்லஹேம் ஸ்டீல் சந்தைக்குக் கொண்டுவந்த கலவைப் பூச்சு: எடையில் 55 சதவீதம் அலுமினியம், 43.4 சதவீதம் துத்தநாகம், 1.6 சதவீதம் சிலிக்கான். அதற்கு மேலேதான் நீலமோ பச்சையோ பெயின்ட்.

பெயின்ட் செய்யும் வேலை எளிது, ஈரம் படாமல் மூடி வைக்கிறது. துத்தநாகம் செய்வது வேறு வேலை. இரும்பும் துத்தநாகமும் ஒட்டிக்கொண்டு இருக்கும்போது மேலே தண்ணீர் பட்டால், முதலில் கரைவது துத்தநாகம். இரும்பை விட அது சுலபமாக எலெக்ட்ரான்களை விட்டுக்கொடுக்கும். துத்தநாகம் கரைந்துகொண்டிருக்கும் வரை பக்கத்தில் இருக்கும் இரும்புக்குத் துரு வராது. முக்கியமான விஷயம், இரும்பு முழுக்க மூடியிருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. சின்னக் கீறல் விழுந்தால் கூட, கீறலின் இரண்டு கரையிலும் இருக்கும் துத்தநாகம் நடுவில் தெரியும் இரும்பைக் காப்பாற்றும்.

இதை அப்படியே வெட்டின ஓரத்துக்குப் பொருத்திப் பாருங்கள். நம்ம ஷீட்டின் தடிமன் அரை மில்லிமீட்டர். வெட்டியதும் ஓரத்தில் வெறும் இரும்பு தெரிகிறது, ஆனால் அந்த இரும்பின் நடுப்புள்ளியிலிருந்து மேல்பூச்சோ கீழ்ப்பூச்சோ கால் மில்லிமீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது. கைக்கெட்டும் தூரம். போதாக்குறைக்கு, கத்தரி மாதிரி இரண்டு அலகு வைத்து வெட்டும்போது பூச்சைக் கொஞ்சம் இழுத்து ஓரத்தின் மேலேயே தடவியும் விடுகிறது. மில்லிலிருந்து வெட்டி வரும் ஓரம் பெயின்ட் அடிக்காமலேயே வருடக்கணக்கில் நிற்பதன் ரகசியம் இதுதான். என் ஐந்தாவது ஷீட்டின் ஓரம் அப்படிப்பட்ட ஓரம்.

கிரைண்டர் என்ன செய்கிறது? அது வெட்டுவதில்லை, தேய்த்து எரிக்கிறது. துத்தநாகம் 419 டிகிரி செல்சியஸில் உருகும், 907-ல் கொதிக்கும். தீப்பொறியாகப் பறப்பது காற்றில் எரிந்துகொண்டே போகும் இரும்புத் துகள், அதன் சூடு ஆயிரத்தைத் தாண்டும். 150 கிராம் பூச்சு என்று ஷீட்டில் போட்டிருந்தால் அது ஒரு சதுர மீட்டருக்கு இரண்டு பக்கமும் சேர்த்த கணக்கு. ஒரு பக்கத்துக்கு சுமார் 20 மைக்ரான், தலைமுடித் தடிமனில் பாதிகூடக் கிடையாது. அந்தச் சூட்டுக்கு முன்னால் இது எம்மாத்திரம்? வெட்டுக்கோட்டை ஒட்டிக் கொஞ்ச தூரத்துக்குப் பூச்சு கெட்டு, பெயின்ட் கருகி விடுகிறது. ஓரத்துக்குக் காவல் நிற்க வேண்டிய ஆளையே முதலில் அனுப்பிவைத்த கதை. கீழ்ப்பக்கம் தொங்கும் பிசிறு வேறு, ஒவ்வொரு துளித் தண்ணீரையும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

மிளகாய்த்தூள் புள்ளிகளின் கதை தனி. பறந்த துகள் சூட்டோடு பெயின்டில் விழுந்து பதிந்துகொள்கிறது. அதற்குப் பூச்சு ஏதும் கிடையாது, முதல் பனியிலேயே துருப்பிடிக்கும். ஐந்தாவது ஷீட்டின் ஒரு பக்கத்தில் மட்டும் புள்ளி இருந்ததற்கும் இதுதான் காரணம், பக்கத்து ஷீட்டை வெட்டும்போது பறந்து வந்தவை. கார் கண்ணாடியில் பட்டாலும் இந்தத் துகள் குழி விழுத்திப் பதிந்துவிடும். வண்டி நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் கிரைண்டர் ஓட்டுபவர்கள் கவனிக்க வேண்டியது.

அப்படியென்றால் ஏன் எல்லோரும் கிரைண்டரையே எடுக்கிறார்கள்? அந்த வெல்டரையே பிறகு ஒருநாள் டீக்கடையில் பார்த்துக் கேட்டேன். "சார், சதுர அடிக் கணக்குல கூலி வாங்குறேன். கத்தரி புடிச்சு வெட்டிக்கிட்டு இருந்தா பொழுது போயிரும். ஏஜி-ல ஒரு ஷீட்டு ரெண்டு நிமிசம்" என்றார். நியாயமான பதில். துரு வரும்போது அவர் அங்கே இருக்கப் போவதில்லை, வீட்டுக்காரன் நான்தான் இருப்பேன். அதனால்தான் நம்ம வீட்டுக்கு நாமே நிதானமாக வெட்டுவதில் அர்த்தம் இருக்கிறது.

அதற்கும் முன்னால் ஒரு யோசனை: முடிந்தவரை வெட்டாதீர்கள். ஷீட் வடிவமைக்கும் இடங்களில் நீளத்தைச் சொன்னால் அந்த அளவுக்கே வெட்டித் தருவார்கள். கூரைச் சட்டத்தை முடித்துவிட்டு, இரண்டு ஓரத்திலும் தனித்தனியாக அளந்து, பிறகு ஆர்டர் கொடுத்தால் நீளத்தில் வெட்டுவதற்கு வேலையே இருக்காது. மிஞ்சுவது குழாய், தூண், சாய்வான சுவர், கடைசி ஷீட்டின் அகலம் இவ்வளவுதான். நீளத்தில் வெட்டியே ஆக வேண்டும் என்றால், வெட்டிய ஓரத்தை மேலே, சுவரை ஒட்டி மூடும் தகட்டுக்கு அடியில் வரும்படி வையுங்கள். மில் ஓரம் கீழே தண்ணீர் சொட்டும் பக்கம் வரட்டும். என் வீட்டில் இதையாவது செய்திருந்தால் பாதித் துரு வந்திருக்காது.

நான் வாங்கியது மூன்று கைக்கத்தரிகள். விமானத் தகடு வெட்டுவதற்காக வந்தவை என்பதால் ஏவியேஷன் ஸ்னிப் என்றே பெயர். கைப்பிடி நிறத்தில் அர்த்தம் உண்டு: சிவப்பு இடப்பக்கம் வளைந்து வெட்டும், பச்சை வலப்பக்கம், மஞ்சள் நேராக. மூன்றும் வேண்டுமா என்றால், சிவப்பும் பச்சையும் இருந்தால் போதும் என்பது என் அனுபவம். இரண்டுமே நேராகவும் போகும். தட்டையான தகட்டில் வெண்ணெய் மாதிரி வெட்டும். ஷீட்டின் மேடுகளைத் தாண்டும் இடத்தில்தான் திண்டாட்டம்: கைப்பிடி தகட்டில் இடிக்கும், அலகு சரியாகத் திறக்காது. அலகு ஒரு பக்கமாகத் தாழ்ந்து கை மேலே நிற்கும் வகை கிடைத்தால் அதை வாங்குங்கள். ஒரு விஷயம் பழகிக்கொண்டால் வெட்டு சுத்தமாக வரும். ஒவ்வொரு கடியிலும் கத்தரியை முழுக்க மூடக் கூடாது. நுனி சேர்வதற்குக் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்தி, முன்னால் தள்ளி, மறுபடி திறக்க வேண்டும். முழுக்க மூடினால் நுனி விழும் இடத்தில் ஒவ்வொரு தடவையும் ஒரு முள் நிற்கும். என் முதல் ஷீட்டின் ஓரம் மீன் செதில் மாதிரி இருந்தது இதனால்தான்.

மேடுகள் நிறைய இருந்தால் நிப்ளர் வசதி. டிரில் மெஷினில் மாட்டிக்கொள்ளும் வகை ஆன்லைனில் கிடைக்கிறது. தகட்டைப் பிறை வடிவத் துணுக்குகளாகக் குத்தி எடுத்துக்கொண்டே போகும். சூடு இல்லை, தீப்பொறி இல்லை, மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும். ஆனால் கோட்டின் அகலத்தில் சில மில்லிமீட்டரைத் தின்றுவிடும், அதைக் கணக்கில் வைத்துக் குறிக்க வேண்டும். அந்தப் பிறைத் துணுக்குகள் நெருஞ்சி முள்ளை விட மோசம். பழைய பெட்ஷீட்டை விரித்து அதன் மேல் வெட்டி, முடிந்ததும் காந்தத்தால் தடவி எடுத்தேன். அப்படியும் ஒன்று மூன்று நாள் கழித்து செருப்பைத் துளைத்துக்கொண்டு வந்தது.

ஜிக்-சா இருப்பவர்கள் இரும்புக்கான நுண்பல் பிளேடு போட்டு வெட்டலாம். தகடு அதிராமல் இருக்க வெட்டுக்கோட்டுக்கு இரண்டு பக்கமும் அடியில் பலகை கொடுக்க வேண்டும், மெஷினின் அடித்தட்டு பெயின்டைக் கீறாமல் இருக்க டேப் ஒட்ட வேண்டும். நீளவாக்கில், பள்ளத்தின் தட்டையான பகுதியில் அகலத்தைக் குறைப்பது மட்டும்தான் வேலை என்றால் மெஷினே வேண்டாம். இரும்பு ஸ்கேல் வைத்துக் கூர்மையான கத்தியால் ஆழமாக நாலைந்து தடவை கீறி, கோட்டில் முன்னும் பின்னும் மடக்கினால் பிய்ந்து வந்துவிடும்.

குறிக்கும்போது பென்சில் வேண்டாம். கார்பன் என்பதால், குறிப்பாகப் பெயின்ட் இல்லாத அலுமினிய-துத்தநாக ஷீட்டில், பென்சில் கோடு போட்ட இடமே அரிக்கத் தொடங்கும். மார்க்கர் போதும். நான் மாஸ்கிங் டேப் ஒட்டி அதன் மேல் கோடு போட்டேன், பெயின்டும் கீறவில்லை. குழாய்க்காக உள்மூலை வெட்டும்போது, மூலையில் முதலில் 5 அல்லது 6 மில்லிமீட்டர் துளை போட்டு, வெட்டு அந்தத் துளையில் போய் முடியும்படி செய்தால் தகடு மூலையிலிருந்து கிழியாது. வெட்டி முடித்ததும் பிசிறை அரத்தால் லேசாகத் தட்டிவிட்டு, டிரில் போட்ட துகள் உட்பட எல்லாவற்றையும் மென்மையான பிரஷால் அன்றைக்கே கூட்டிவிடுங்கள். இரவு பனி பட்டால் மறுநாள் காலையில் புள்ளி தெரியும்.

கிரைண்டரைத் தவிர வேறு வழியே இல்லை என்ற நிலை வரலாம். அப்போது ஷீட்டைக் கூரையில் வைத்து வெட்டாமல் கீழே இறக்கி, தீப்பொறி ஷீட்டை விட்டு வெளியே பறக்கும் பக்கமாக நின்று வெட்டி, ஓரத்தைச் சுத்தம் செய்து துத்தநாகம் கலந்த பிரைமரை மெல்லியதாக அடிக்கலாம். 4 அங்குல வில்லை நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று சுற்றுகிறது. கணக்குப் போட்டால் விளிம்பின் வேகம் மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல். இந்த வேகத்தில் உடைந்த வில்லைத் துண்டு எங்கே போகும் என்று யாரும் சொல்ல முடியாது. கார்டைக் கழற்றிவிட்டு ஓட்டுவதும், மரம் அறுக்கும் பல்வட்டை இதில் மாட்டுவதும் எவ்வளவு சாதாரணமாக நடக்கிறது என்பதைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. லுங்கி, துண்டு, துப்பட்டா, தொளதொள நூல் கையுறை எல்லாமே சுற்றும் மெஷினில் சிக்கக்கூடியவை.

கண்ணைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. எங்கள் ஷெட் போட்ட அன்று வெல்டரோடு ஒரு பையன் வந்திருந்தான், இருபது வயசு இருக்கும். ஷீட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவன் கண்ணைக் கசக்க ஆரம்பித்தான். வெல்டர் அவன் இமையைத் தூக்கி, லுங்கி நுனியை முறுக்கித் துடைத்து, "ஒண்ணுமில்லடா, வந்துருச்சு" என்றார். நான் பக்கத்தில் டீ டம்ளரோடு நின்றுகொண்டிருந்தேன். எனக்கும் அது வழக்கமான விஷயமாகத்தான் பட்டது. இரண்டு நாள் கழித்து அவன் கண் ஆஸ்பத்திரிக்குப் போனதாகக் கேள்விப்பட்டேன். கருவிழியில் பதிந்த இரும்புத் துகள் சில மணி நேரத்திலேயே கண்ணீரில் துருப்பிடித்துச் சுற்றிலும் ஒரு வளையம் விடும். துகளை எடுத்த பிறகும் அந்த வளையத்தைத் தனியாகச் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கும். என் கூரையில் நடந்ததேதான், அவன் கண்ணில் நடந்தது. பையன் பிழைத்துக்கொண்டான், பார்வைக்குச் சேதம் இல்லை. ஆஸ்பத்திரிச் செலவில் பாதி நான் கொடுத்தேன். வேலை ஆரம்பிக்கும் முன்னால் இரண்டு ஜோடி பாதுகாப்புக் கண்ணாடி வாங்கி வைத்திருந்தால் அதில் ஒரு சின்னப் பங்குதான் ஆகியிருக்கும்.

கண்ணில் விழுந்தால் கசக்காதீர்கள், யாரையும் துணியால் எடுக்க விடாதீர்கள். சுத்தமான தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு, உறுத்தல் போகவில்லை என்றால் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போங்கள். கிரைண்டர் ஓட்டும்போது விழுந்தது என்றால், உறுத்தல் குறைந்தாலும் காட்டிவிடுவது நல்லது. வேகமாக வந்த துகள் உள்ளேயே போயிருக்கலாம். எம்.ஆர்.ஐ. எடுக்கும் முன் கண்ணில் எப்போதாவது இரும்பு விழுந்திருக்கிறதா என்று கேட்பது இதற்காகத்தான், அந்தக் காந்தம் உள்ளே கிடக்கும் துகளை அசைத்துவிடும். பவர் கண்ணாடி போதாது, பக்கவாட்டும் மூடிய பாலிகார்பனேட் கண்ணாடி வேண்டும். வேலை முடிந்து அதைக் கழற்றும் முன் குனிந்து தலைமுடியையும் புருவத்தையும் தட்டிவிடுங்கள். மேலே தங்கியது கழற்றும்போதுதான் கண்ணில் விழும்.

வெட்டின ஓரம் பிளேடுதான். கையால் வெட்டும்போதும் ஷீட்டைத் தூக்கும்போதும் நல்ல தோல் கையுறை போடுங்கள். வயரை ஷீட்டின் ஓரத்தில் இழுபட விடாதீர்கள், உறை அறுந்தால் ஷீட் முழுக்க கரன்ட் பாயும். காற்றையும் கவனியுங்கள். 10 அடி ஷீட்டின் எடை 13, 14 கிலோதான், ஆனால் மணிக்கு 40 கிலோமீட்டர் காற்று அதன் முகத்தில் நேராக மோதினால் தள்ளும் விசை 25 கிலோவுக்கு மேல் வரும். ஆடிக் காற்றில் மொட்டை மாடியில் ஒற்றை ஆளாக ஷீட்டைத் தூக்கினால் யார் யாரைத் தூக்குவது என்று தெரியாது. நான் இரண்டு ஷீட்டையும் காற்று எழும் முன், காலை ஏழு மணிக்கே வெட்டி முடித்தேன். ஒரு ஷீட்டுக்கு இருபது நிமிடம், முதல் ஷீட்டுக்கு ஐம்பது.

மிஞ்சின துண்டுகளைக் குப்பையில் போடவில்லை, அதைக் கையால் அள்ளுபவர்கள் இருக்கிறார்கள். கூர் உள்ளே போகும்படி மடக்கிப் பழைய இரும்புக் கடையில் கொடுத்துவிட்டேன்.

பழைய ஐந்து ஷீட்டின் ஓரத்தையும் போன ஞாயிற்றுக்கிழமை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, துரு தெரியாத அளவுக்கு வந்ததும் துத்தநாக பிரைமர் அடித்திருக்கிறேன். நான்காவதில் இரண்டு இடத்தில் விரல் நகம் அளவுக்கு ஓட்டையே விழுந்திருந்தது, அங்கே மட்டும் ஓரத்தை இரண்டு அங்குலம் கத்தரியால் வெட்டி எடுத்தேன். இப்போது ஐந்தாவதோடு நான்காவதும் வரிசை தப்பி உள்ளே நிற்கிறது. வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் ஏறிப் பார்த்துவிட்டு, ஆறு ஓரத்தையும் படம் எடுத்துப் போடுகிறேன்.